வாயிலைத் திறப்பவர் யார்?



பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி, ரஞ்சன்குடிக் கோட்டை நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். 1751-ஆம் ஆண்டில் இதன் அண்மையில், வாலிகண்டபுரத்தில் போர் மூண்டது. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும், முகமதலிக்கு ஆங்கிலேயரும் துணை நின்றனர். கோட்டைத் தலைவரைத் தம்பால் ஈர்க்க இரு சாராரும் முயன்றனர். மதிலை இடிக்கப் பீரங்கி வேண்டும்; வாயிலைத் திறக்கவோ உள்ளிருப்பவரின் இசைவே போதுமன்றோ?

இவ்வுண்மை இக்காலக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டினின்று ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் பரவிற்று. ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்பது அதன் தலைப்பு. உடன் இணைத்திருந்த கோப்போ காதற்கடிதம் போலத் தோன்றியது. பெயரின் இறுதியில் இருந்த ‘வி.பி.எஸ்.’ என்னும் எழுத்துகளே அது கடிதமன்று, கட்டளைத் தொகுப்பு எனக் காட்டுவன. விண்டோஸ் அவ்வெழுத்துகளை வழக்கமாக மறைத்துவிடும். திறந்தவரின் படக்கோப்புகள் அழிந்தன. அவருடைய முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் அவர் பெயராலேயே அக்கடிதம் சென்றது. பிரிட்டிஷ் மக்களவையும் தன் மின்னஞ்சலை நிறுத்தி வைக்க நேர்ந்தது.

ஐயத்துக்குரியவர் மணிலா நகரத்து இளைஞர். அக்குற்றத்துக்கு ஏற்ற சட்டம் அந்நாட்டில் அன்று இல்லாமையால் வழக்குக் கைவிடப்பட்டது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 17 முதல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கம்ப்யூட்டரில் வைரஸைப் புகுத்துவோரை அது பொறுப்பாளியாக்குகிறது. எனினும், சட்டம் வருவது கேடு நேர்ந்த பின்னரே. காவல் இருக்க வேண்டுவது அதற்கு முன்னர்.

இந்நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம் ஒன்று. அயலார் கடிதத்தை நாம் ஐயுறுகிறோம். அறிந்தவர் பெயரைக் கண்டதும் காவலைத் தளர்த்திவிடுகிறோம். வைரஸ் நுழைவது அந்தத் தளர்ச்சியின் வழியாகவே. ஆதலின், எதிர்பாராத இணைப்பு எவர் பெயரில் வந்தாலும், திறக்குமுன் தொலைபேசியில் அவரையே கேளுங்கள். கோப்பின் முழுப்பெயரையும் நோக்குங்கள். ஆவணம் ஒன்று ‘மேக்ரோவை இயக்குக’ என வேண்டினால் இசையாதீர்கள். விண்டோஸையும் வைரஸ் தடுப்பு மென்பொருளையும் அவ்வப்போது புதுப்பியுங்கள். இன்றியமையாத கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்து, கம்ப்யூட்டரோடு இணைக்காமல் தனியே வையுங்கள்.

கேட்டு அறிய ஒரு நிமிடம் செல்லும். இழந்ததை மீட்கவோ ஆண்டுகள் போதா. மதிலின் வலிமை, வாயிற்காவலனின் விழிப்பளவே என்பதை மறவாதிருப்போமாக.