எல்கடுவ லயங்களும் ரோமாக்களின் வீடுகளும்

மாத்தளை நகருக்குத் தெற்கே உக்குவளையைத் தாண்டியதும் எல்கடுவைக்கான பாதை மலையேறத் தொடங்குகிறது. அடிவாரத்தில் மிளகும் கொக்கோவும் கிராம்பும் வளர்கின்றன. வளைவுகளைக் கடந்து மேலே செல்லச் செல்லத் தேயிலை. அதற்கும் மேலே ஹுன்னஸ்கிரிய மலையின் மூடுபனி. பத்திரிகைப் பணியின் நிமித்தம் இப்பாதையில் பல தடவைகள் சென்றிருக்கின்றேன். 2024ஆம் ஆண்டில் சென்ற பயணம் மாத்திரம் வேறு வகையானது. அன்று என்னுடன் வந்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள்.

என்னுடன் ஒரே ஆண்டில் கலைப்பட்டம் பெற்ற நண்பர் ஒருவர் அவர்களின் விரிவுரையாளர். ஓரங்கட்டப்பட்ட சமூகங்களும் வீட்டு வசதியும் என்பது அவர் நடத்திய பாடம். சில வாரங்களாக அம்மாணவர்கள் ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றிப் படித்திருந்தனர். "புத்தகத்தில் படித்ததை நம் நாட்டிலும் ஓரிடத்தில் கண்ணால் பார்க்கட்டும். நீயும் வந்து வரலாற்றைச் சொல்" என்று நண்பர் அழைத்தார். சம்மதித்தேன்.

பஸ் மலையேறிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருவர் கேட்டார். "சேர், நம்ம நாட்டு ரோமாக்கள் என்றால் குறவர்கள்தானே? அவங்களைப் பார்க்காமல் ஏன் தோட்டத்துக்குப் போறோம்?"

நியாயமான கேள்வி. அதற்கு நான் அன்று சொன்ன பதிலையும், சொல்லத் தவறியதையும் இங்கு பதிவுசெய்ய விரும்புகின்றேன்.

ரோமாக்களின் மூதாதையர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வட இந்தியாவிலிருந்து மேற்கு நோக்கிச் சென்றவர்கள். அவர்களின் மொழியே அதற்குச் சாட்சி. தண்ணீருக்கு அவர்கள் இன்றும் 'பானி' என்கிறார்கள். மனிதன் 'மனுஷ்'. வீடு 'கேர்'. இந்தியின் 'கர்' என்ற சொல்லுக்கு அது உறவு. வீட்டுக்கான சொல்லை ஆயிரம் ஆண்டுகள் காத்து வைத்திருந்த மக்களை 'வீடற்ற நாடோடிகள்' என்று உலகம் அழைத்தது.

உண்மையில் ஐரோப்பிய ரோமாக்களில் மிகப் பெரும்பான்மையோர் தலைமுறைகளாக ஓரிடத்தில் வாழ்பவர்கள். இன்றைய ருமேனியாவின் பகுதிகளான மொல்தாவியாவிலும் வலாக்கியாவிலும் அவர்கள் அரசுக்கும் மடாலயங்களுக்கும் நிலப்பிரபுக்களுக்கும் அடிமைகளாக இருந்தனர். முதலாவதில் 1855இலும் இரண்டாவதில் 1856இலும்தான் அடிமைத்தனம் இறுதியாக ஒழிக்கப்பட்டது. விடுதலை கிடைத்தது. நிலம் பெரும்பாலானோருக்குக் கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே, எவரும் விரும்பாத நிலத்தில் குடிசை போட்டார்கள். பின்னர் அந்தக் குடிசைகளே சட்டவிரோதமானவை எனப்பட்டன.

1999ஆம் ஆண்டு ஒக்டோபரில் செக் குடியரசின் ஊஸ்தி நாட் லாபெம் என்ற நகரில், ரோமாக்கள் வாடகைக்கு இருந்த குடியிருப்பை அயல்வீடுகளிலிருந்து பிரிக்க ஒரு மதில் எழுப்பப்பட்டது. உலகெங்கும் கண்டனம் எழுந்ததால் ஆறு வாரங்களில் அது அகற்றப்பட்டது. ஆனால் அந்த மதிலைக் கட்டிய மனம் அகலுவதற்கு ஆறு வாரங்கள் போதுமா?

இனி இலங்கையின் குறவர்கள். சிங்களத்தில் அவர்களை அஹிகுண்டிக என்பர். வீட்டில் பேசுவது தெலுங்கு. பாம்பாட்டுதல், குரங்காட்டுதல், கைரேகை பார்த்தல் ஆகியன அவர்களின் பரம்பரைத் தொழில்கள். கழுதைகளில் பொதியேற்றி, தாளிப்பனை ஓலையால் கூடாரமிட்டு, ஒரு வாரத்துக்கு மேல் ஓரிடத்தில் தங்காமல் ஊரூராகச் சென்றவர்கள். ஆங்கிலத்தில் 'ஜிப்சிகள்' என்று அழைக்கப்பட்டாலும், ரோமாக்களுடன் அவர்களுக்கு மொழியுறவு இல்லை. அவர்களும் காலப்போக்கில் அக்கரைப்பற்றை அடுத்த அளிக்கம்பை, தம்புத்தேகமவைச் சார்ந்த பகுதிகள் எனப் பல இடங்களில் நிரந்தரமாகக் குடியமர்ந்துவிட்டனர்.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு அந்த மாணவியிடம் கேட்டேன். "நடந்துகொண்டே இருந்தவர்கள் குடியமர்ந்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தைவிட்டு அசையாதவர்களை இன்னும் வந்து தங்கியவர்களாக நடத்தினால் அவர்களை என்னவென்று அழைப்பது?"

அவர் பதில் சொல்வதற்கு முன்னர் பஸ் நின்றது. லயங்கள் தென்பட்டன.

லயத்தின் கதையைக் கோப்பியிலிருந்து தொடங்க வேண்டும். 1823இல் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் வர்த்தக ரீதியான கோப்பிச் செய்கை ஆரம்பமானது. அதற்கான தொழிலாளர் தமிழகத்திலிருந்து கங்காணிமார் மூலம் திரட்டப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாகவே மலைநாட்டுக்கு வந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அப்பாதையில் மலைகளுக்கான வாசலாக இருந்தது மாத்தளை. ரயில் பாதை மாத்தளையை எட்டியது 1880இல்தான்.

கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறிக்கும் காலத்துக்கு ஆட்கள் தேவை. பறித்து முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். சில மாதங்கள் தங்கிச் செல்பவர்களுக்கு எதற்கு வீடு? ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகளை அடுக்கிக் கட்டினார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதுவே லயம்.

1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. அதன் இடத்துக்குத் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது; ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே ஆட்கள் குடும்பத்தோடு நிரந்தரமாகத் தங்கினர். பயிர் மாறியது. தங்கும் முறை மாறியது. லயம் மாத்திரம் மாறவில்லை. போய்விடுபவனுக்காக வகுத்த அறை அளவு, இருந்துவிட்டவனின் பேரன்களுக்கும் விதியாயிற்று.

வேலையோடு பிணைந்தது அந்த அறை. தோட்டத்தில் பேர் பதிந்த ஒருவராவது குடும்பத்தில் இருக்க வேண்டும். வேலை போனால் காம்பராவும் போகும் என்ற அச்சம், தொழிற்சங்கங்கள் தோன்றிய காலம்வரை எந்தத் தொழிலாளியையும் துரையின் முன்னால் நிமிர்ந்து நிற்க விடவில்லை.

சட்டமும் லயத்தின் மொழியையே பேசியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். எஞ்சியோரின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் முடிவு வந்தது. இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகள், தான் இருக்கப்போகிறோமா போகப்போகிறோமா என்று தெரியாதவன் எதை நம்பிச் சுவர் எழுப்புவான்?

குடியுரிமை வந்த பின்னரும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது.

நாங்கள் சென்ற லயத்தில் வயதான அம்மா ஒருவர் மாணவர்களைத் தம் இஸ்தோப்பில் அமரவைத்துத் தேநீர் கொடுத்தார். மாணவர் ஒருவர் குறிப்பேட்டைத் திறந்து முகவரி கேட்டார். அம்மா சிரித்தார்.

"தோட்டத்துப் பேரை எழுதிக்கங்க தம்பி. காயிதம் ஆபீசுக்கு வரும். அங்கருந்து யார் கையிலயாச்சும் வந்து சேரும். எங்க மகனுக்கு வேலைக்கு வந்த காயிதம், நாள் கழிஞ்சப்புறம்தான் வந்துச்சு."

குறிப்பேடு சிறிது நேரம் எழுதப்படாமல் திறந்தே இருந்தது. வீட்டு இலக்கமோ வீதியின் பெயரோ இல்லாமல் வாழ்நாள் முழுவதும் ஓரிடத்தில் இருந்துவிட முடியும் என்பது அந்த இளைஞருக்குப் புதிய செய்தி.

அதே எல்கடுவையில் ரத்வத்தை என்றொரு தோட்டம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வருகையின் 200ஆவது ஆண்டு நினைவாக, முன்னோர் வந்த வழியிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28ஆம் திகதி தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. காணியும் வீடும் அதன் முதன்மைக் கோரிக்கைகளுள் அடங்கும். அதே ஓகஸ்ட் மாதத்தில் ரத்வத்தைத் தோட்டத்தில் ஒரு குடும்பம் அமைத்திருந்த குடிலை, தோட்டத்தின் உதவி அதிகாரி ஒருவர் உடைத்தெறிந்தார். அக்காட்சி காணொளியாக உலகெங்கும் பரவியது. பாராளுமன்றத்திலும் பேசப்பட்டது.

செய்திகள் அந்தக் குடிலை 'தற்காலிகக் குடியிருப்பு' என்றே குறிப்பிட்டன. அச்சொல்லைப் படித்தபோது எனக்கு உறுத்தியது. ஏனென்றால் பணியில் சேர்ந்த புதிதில் நானும் அதைத்தான் எழுதினேன். லயமொன்று தீப்பிடித்து எரிந்தது. குடும்பங்கள் தோட்டப் பாடசாலையிலும் பிள்ளைக்காம்பராவிலும் 'தற்காலிகமாக' தங்கவைக்கப்பட்டுள்ளன என்று நான்கு வரிச் செய்தி. ஓராண்டின் பின்னர் வேறொரு செய்திக்காக அவ்வழியே சென்றேன். அக்குடும்பங்களில் சில, தகரக் கொட்டில்களில் அப்படியே இருந்தன. அதை நான் எழுதவில்லை. செய்திக்குப் புதிதாக எதுவும் நடக்கவில்லை என்று எண்ணினேன். எதுவும் நடக்காததே செய்தி என்பது அந்த வயதில் விளங்கவில்லை.

முன்னேற்றமே இல்லையென்று சொல்வது நியாயமாகாது. 2015க்குப் பின்னர் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. இந்திய உதவியுடன் 4,000 வீடுகள் கட்டப்பட்டன. மேலும் 10,000 வீடுகள் 2017இல் நோர்வூட்டில் வைத்து அறிவிக்கப்பட்டன. எனினும் வீடு கிடைத்த இடத்தில் உறுதி தாமதமாவதும், உறுதி பற்றிய பேச்சு வரும் இடத்தில் காணி தோட்டத்துக்குரியது என்பதும் தொடர்கதை.

திரும்பி வரும்போது, காலையில் கேள்வி கேட்ட மாணவி என் பக்கத்து ஆசனத்தில் வந்து அமர்ந்தார். "ரோமாக்களைப் போறவங்க என்று சொல்லித் துரத்தினாங்க. இவங்களைப் போறவங்க என்று சொல்லியே வைச்சிருந்தாங்க, என்ன சேர்?" என்றார். ஒரு நாள் முழுவதும் நான் சொன்ன வரலாற்றை அவர் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. மாத்தளை, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. அப்போது அந்த மாணவியிடமிருந்து ஒரு குறுந்தகவல் கிடைத்தது. "இடம்பெயர்ந்தவர்களைத் தற்காலிக முகாம்களில் தங்கவைத்திருப்பதாகச் செய்தி, சேர். எத்தனை வருஷத்துக்கு என்று யாராவது எழுதுவாங்களா?"

அந்தக் கேள்வி பத்திரிகையாளனாகிய எனக்குரியது. அதனால்தான் இதை எழுதத் தொடங்கினேன்.