நெருக்கமும் நெரிசலும்

மக்கள் செறிந்து வாழும் நகரம் நோய்க்கு உறைவிடம் என்னுங் கருத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே வேரூன்றியது. கைத்தொழிற் புரட்சியால் ஊர்விட்டு வந்த தொழிலாளர், இலண்டன் முதலிய நகரங்களில் அறைக்கொரு குடும்பமாய் அடைந்து கிடந்தனர். 1831 தொடக்கம் பன்முறை பரவிய வாந்திபேதி அவருட் பலரை வாரிச் சென்றது. இதனைக் கண்ட சீர்திருத்தவாதிகள், அறையில் மக்கள் நிறைந்திருப்பதையும் நிலத்தில் வீடுகள் அடுத்திருப்பதையும் ஒரே தீமையெனக் கொண்டனர்.

எபனேசர் ஹவாட் 1898 இல் வெளியிட்ட நூலில், 1,000 ஏக்கரில் 30,000 மக்கள் வாழும் பூங்கா நகரத்தை வகுத்தார். அவ்வழியே 1903 இல் லெச்வேத் நகர் எழுந்தது. அதனைத் திட்டமிட்டோருள் ஒருவரான றேமன்ட் அன்வின், ஏக்கருக்கு 12 வீடுகளே தக்கன என 1912 இல் வாதிட்டார். காற்றும் வெளிச்சமும் தொழிலாளர்க்கும் உரியவாதல் வேண்டுமென்ற அவர்தம் நோக்கம் போற்றற்குரியது.

ஆயின், நடந்து செல்வோர் நிலை யாது? அமெரிக்கரான கிளாரன்ஸ் பெரி, பிள்ளைகள் பெருந்தெருவைக் கடவாது பள்ளி செல்லத்தக்க, ஏறத்தாழக் கால் மைல் ஆரமுடைய குடியிருப்பு அலகை 1929 இல் விளக்கினார். அத்தகைய வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 125 ஏக்கராகும். ஏக்கருக்கு 12 வீடாயின், தெருவுக்கும் பள்ளிக்கும் இடம் விடாவிடினும், 1,500 வீடுகளே அதில் அடங்கும். அவற்றால் ஒரு பள்ளி நடைபெறலாம். பலவகைக் கடைகளும் அடிக்கடி ஓடும் பேருந்தும் நிலைத்தல் அரிது. வீடுகள் விலக விலகக் கடைகளும் விலகும். நடை ஒழிந்து மோட்டார் வண்டி இன்றியமையாததாகும்.

இம்மயக்கத்தை 1961 இல் ஜேன் ஜேக்கப்ஸ் தம் நூலால் தெளிவித்தார். ஏக்கருக்கு எத்தனை வீடுகள் என்பது நெருக்கம். அறைக்கு எத்தனை பேர் என்பது நெரிசல். பொஸ்ரன் நகரின் நோத் என்ட் பகுதியில் ஏக்கருக்கு 275 வீடுகள் இருந்தும், நோயும் குழந்தை மரணமும் குற்றமும் அந்நகரில் மிகக் குறைந்த பகுதிகளுள் அதுவும் ஒன்றென அவர் காட்டினார். வீடுகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. சிறு தெருக்களும் கடைகளும் பழைய கட்டடங்களும் கலந்திருத்தல் வேண்டுமென்றும் வற்புறுத்தினார்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றதன்று. அதே ஆண்டில் நியூயோர்க் நகராட்சி, ஜேக்கப்ஸ் வாழ்ந்த மேற்கு வில்லேஜைப் பழுதுற்ற பகுதியெனக் கருதிப் புதுக்க முனைந்தது. குடிமக்கள் திரண்டெதிர்த்தமையால் 1962 இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. நெருக்கத்தை நெரிசலென மயங்குவோர், நோயைத் தீர்க்கப் புகுந்து ஊரையே இழக்க நேரும். அறையிலே விசாலமும் தெருவிலே செறிவும் ஒருங்கு அமையுமிடத்தே நகர வாழ்வு தழைக்கும்.