பால்மரத் தேன் முதல் கெலுலுட் தேன் வரை: ஜொகூர் மண்ணில் தேனின் வரலாறு



எந்தத் தேனை வாங்குவது, எது அசல், எது கலப்படம் என்று பெற்றோர்கள் அடிக்கடி கேட்கின்றனர். சாலை ஓரத்திலும் இரவுச் சந்தையிலும் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, மேலே ஒரு துண்டு தேனடையையும் மிதக்கவிட்டு விற்கப்படும் தேனைக் கண்டு ஐயம் கொள்வது இயல்பே. இக்கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிட முடியாது. நம் மண்ணில் தேன் எங்கிருந்து வந்தது, யார் எடுத்தார்கள், எந்த மரம் தந்தது என்பதை அறிந்தால்தான் கையில் இருக்கும் புட்டியைப் பற்றிச் சரியான கேள்வியைக் கேட்க இயலும். ஆகவே, இக்கட்டுரையில் வரலாற்றை முதலில் பார்த்துவிட்டு, பின்னர் சந்தைக்கு வருவோம்.

குறிஞ்சியின் விளைபொருள்

தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது தேனைக் குறிஞ்சிக்கு உரியதாக வைத்தனர். புறநானூற்றின் 109ஆம் பாடலில் கபிலர், பாரியின் பறம்பு மலை உழவர் உழாமலேயே நான்கு பொருள்களைத் தரும் என்கிறார். மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகியவையே அந்நான்கு. மூவேந்தர் முற்றுகையிட்டாலும் மலைமக்கள் பசியாற இவை போதும் என்பது அப்பாடலின் கருத்து. தேன் அன்று நாவிற்குச் சுவை தரும் பொருளாக மட்டுமன்றி, முற்றுகைக் காலத்து உணவாகவும் எண்ணப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சித்த மருத்துவம் தேனை அது கிடைக்கும் இடத்தைக் கொண்டு மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத் தேன், புற்றுத்தேன், மனைத்தேன் என வகைப்படுத்துகிறது. இடம் மாறினால் தேனீயும் பூவும் மாறும். அவை மாறினால் தேனும் மாறும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 'தேன்' என்று மட்டும் எழுதி ஒட்டிய புட்டி நமக்கு இச்செய்தியைச் சொல்வதில்லை.

மலாய்மொழியில் தேனை 'மாடு' என்பர். நம் மாணவர்கள் இச்சொல்லை முதன்முதலில் கேட்டதும் சிரித்துவிடுவர். அது வடமொழி 'மது' என்னும் சொல்லின் வழி வந்தது என்று விளக்கினால், சிரிப்போடு ஒரு வரலாற்றுப் பாடமும் அவர்கள் மனத்தில் பதிந்துவிடும்.

துவாலாங் மரமும் ஈத்தாம் மானிசும்

தீபகற்ப மலேசியாவின் பழமையான தேன், காட்டுத் தேன். 80 மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய துவாலாங் மரத்தின் கிளைகளில் மலைத்தேனீக்கள் பெரிய அடைகளைக் கட்டுகின்றன. ஒரே மரத்தில் நூறு அடைகள் வரை தொங்குவதும் உண்டு. வெட்டி விற்பதைவிட நிற்கவிட்டால் ஆண்டுதோறும் பயன் தரும் என்பதால், காடு அழிக்கப்பட்ட இடங்களிலும் இம்மரத்தை விட்டு வைக்கும் வழக்கம் இருந்தது. ஜொகூரில் எண்டாவ் ரொம்பின் காட்டுப் பகுதியில் வாழும் ஜக்குன் பூர்வக்குடி மக்களுக்கும் காட்டுத் தேன் நெடுங்கால வாழ்வாதாரங்களுள் ஒன்றாகும்.

கெடா மாநிலத்தின் பெடு ஏரிப் பகுதித் தேன் எடுப்போரிடம் ஒரு கதை வழங்குகிறது. அரண்மனையில் பணிபுரிந்த ஈத்தாம் மானிஸ் என்னும் இந்துப் பணிப்பெண் அரச மகனைக் காதலித்தாள். அதனால் விரட்டப்பட்டு, உலோக ஈட்டியால் குத்துண்டாள். பின்னர் அவளே தேனீயாக மாறினாள். ஆகையால் அங்குள்ளோர் தேனீக்களை 'ஈத்தாம் மானிஸ்' என்று அன்போடு அழைப்பர்; தேன் எடுக்க உலோகக் கருவியைப் பயன்படுத்தமாட்டார்கள். மர ஏணி, எலும்பால் ஆன கத்தி, தோல் வாளி ஆகியவையே அவர்களின் கருவிகள். 'ஈத்தாம் மானிஸ்' என்றால் கறுப்பும் இனிமையும் என்று பொருள். மலாய்க்காரர் வழங்கும் கதையில் இந்துப் பெண் ஒருத்தி இடம்பெற்றிருப்பது, இந்நாட்டில் பண்பாடுகள் எவ்வளவு காலமாகக் கலந்து வாழ்ந்தன என்பதைக் காட்டுகிறது.

பால்மரம் தந்த தேன்

ஜொகூரில் நம்மவர் வரலாறு பால்மரத்தோடு பிணைந்தது. 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர்ப் பூங்காவிற்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளிலிருந்து பரவிய ரப்பர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரின் மிளகு, கம்பீர்த் தோட்டங்களின் இடத்தைப் பிடித்தது. 1909இல் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இரயில் பாதை நிறைவுற்றதும் குளுவாங், ரெங்கம், லாபிஸ் ஆகிய இடங்களில் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியாகத் தமிழர் ஆயிரக்கணக்கில் வந்தனர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை இவ்வரவு தொடர்ந்தது.

பால்மரத்தில் தேன் உண்டா என்று கேட்கலாம். உண்டு; ஆனால் அது பூவில் இல்லை, இலையில்! பால்மர இலை மூன்று சிற்றிலைகள் கொண்டது. அம்மூன்றும் காம்போடு சேரும் இடத்தில் நுண்ணிய சுரப்பிகள் உள்ளன. இலை உதிர்ந்து தளிர் விடும் பருவத்தில் அச்சுரப்பிகளிலிருந்து இனிய நீர் கசியும். தேனீக்கள் அதை உறிஞ்சித் தேனாக்கும். அதிகாலையில் பால் வெட்டச் சென்ற நம் பாட்டனும் பாட்டியும் அந்த இலைகளுக்குக் கீழேதான் உழைத்தனர். தோட்ட நிர்வாகம் எடை போட்டது பாலை மட்டுமே.

இதே மரத்தைக் கொண்டு தமிழகத்தின் தென்கோடியில் வேறொரு வரலாறு எழுதப்பட்டது. 1911க்கும் 1917க்கும் இடையில் நியூட்டன் என்னும் பாதிரியார், நம் நாட்டுத் தேனீயின் சிற்றுருவிற்கு ஏற்ற மரப்பெட்டியை வடிவமைத்துத் தென்னிந்தியக் கிராமத்தாருக்குப் பயிற்சி தந்தார். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர், மார்த்தாண்டத்தில் கிறித்துவ இளைஞர் சங்கத்தின் ஊரக மறுமலர்ச்சி மையத்தை நடத்தினார். ஏழை உழவர்க்குத் துணை வருமானமாகத் தேனீ வளர்ப்பு அங்கே பரவியது. கன்னியாகுமரி மாவட்ட ரப்பர்த் தோட்டங்களில் தளிர் விடும் மாதங்களே அங்குத் தேன் பருவம். மார்த்தாண்டம் தேன் 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது.

அவ்வரலாற்றில் துயரமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பைப்புழு நோய் என்னும் நச்சுயிரி நோய் பரவி, தேனீப் புழுக்கள் நீர் நிறைந்த பைபோல் ஊதிச் செத்தன. தென்னிந்தியாவின் நாட்டுத் தேனீக் குடும்பங்களில் பெரும்பாலானவை அழிந்தன. பல குடும்பங்களின் பெட்டிகள் ஒரே ஆண்டில் வெறுமையாயின. நோயைத் தாங்கிப் பிழைத்த கூடுகளிலிருந்து மீண்டும் பெருக்கியே அத்தொழில் எழுந்தது.

செம்பனை வந்த பின்

ஜொகூரில் 1960களுக்குப் பின் பால்மரம் குறைந்து செம்பனை பெருகியது. செம்பனையிலும் ஒரு பூச்சியின் கதை உண்டு. அது நம் குளுவாங்கில் நடந்தது. செம்பனையின் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிக் குலைகளில் தோன்றுபவை. அக்காலத்தில் காய் பிடிப்பதற்காகத் தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று மகரந்தத் தூளைக் கையால் தூவினர். ஆர். ஏ. சையது என்னும் பூச்சியியல் அறிஞர் மேற்கு ஆப்பிரிக்காவின் கெமரூனில் ஆராய்ந்து, அங்கு இவ்வேலையைச் சிறு வண்டு ஒன்று செய்வதைக் கண்டறிந்தார். 1981 பிப்ரவரியில் குளுவாங் பாமோல் தோட்டத்தில் அவ்வண்டு முதன்முதலாக விடப்பட்டது. விரைவில் நாடெங்கும் பரவி, கைமகரந்த வேலையை இல்லாமலாக்கியது. ஒரு பூச்சி மனிதர்களின் வேலையைத் தன் தோளில் ஏற்றுக்கொண்ட இந்நிகழ்வு, அறிவியல் பாடத்தில் உள்ளூர் எடுத்துக்காட்டாகச் சொல்லத் தக்கது.

ஆனால், செம்பனை தேனீக்குப் பெரிதும் மகரந்தத்தையே தருகிறது. பால்மரத் தளிர் தந்த இனிய நீர் அதில் இல்லை. பால்மரம் போன இடத்தில் தேனீயின் உணவும் குறைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட, நம் மக்களும் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர்.

பெட்டித் தேனீயும் கொசுத்தேனீயும்

பெட்டியில் தேனீ வளர்க்கும் முயற்சி இந்நாட்டில் 1980களில் முறையாக வலுப்பெற்றது. அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம், அதாவது இன்றைய புத்ரா மலேசியா பல்கலைக்கழகம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் உதவியோடு ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்தியது. ஜொகூரின் மேற்குக் கரைத் தென்னந்தோப்புகள் இதற்கு ஏற்ற இடங்களாயின. தென்னை ஆண்டு முழுதும் பூக்கும் மரமல்லவா? அதே காலத்தில் காட்டு மறுநடவுத் திட்டங்களில் நடப்பட்ட அக்காசியா மங்கியம் மரமும், பால்மரத்தைப் போலவே, பூவிற்கு வெளியே இலையடியில் இனிய நீரைச் சுரக்கிறது. சந்தையில் 'அக்காசியா தேன்' என்று விற்கப்படும் கருநிறத் தேன் இதுவே.

2010களில் கெலுலுட் தேன் புகழ் பெற்றது. தமிழில் இத்தேனீயைக் கொசுத்தேனீ என்றும் கொட்டாத் தேனீ என்றும் அழைக்கிறோம். மரக்கட்டையின் உள்ளே குடியிருக்கும் இவை, அறுகோண அடை கட்டாமல், மரப்பிசின் கலந்த சிறு குடங்களில் தேனைச் சேமிக்கும். கட்டையின் மேல் ஒரு பெட்டியைப் பொருத்தி, குடங்களைத் திறந்து, சிறு உறிஞ்சு கருவியால் தேனை எடுப்பர். இதற்கு வீட்டின் பின்புறத்துச் சிறு நிலமே போதும். எனவே ஓய்வுபெற்றோரும் இல்லத்தரசிகளும் இத்தொழிலில் இறங்கினர். 2017இல் கெலுலுட் தேனுக்கென்று எம்.எஸ். 2683 என்னும் மலேசியத் தர நிர்ணயம் வெளியிடப்பட்டது. 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், மலேசியா, ஆஸ்திரேலியா, பிரேசில் ஆகிய நாடுகளின் கொட்டாத் தேனீத் தேனில் திரெகலுலோஸ் என்னும் அரிய சர்க்கரை மிகுந்திருப்பதை அறிவித்தனர். இது உடலில் மெதுவாகச் செரிக்கும் சர்க்கரை. எனினும், நீரிழிவு உள்ளவர் இதை மருந்தென எண்ணி விருப்பம்போல் உண்ணலாகாது.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

இனி நம் கேள்விக்கு வருவோம். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் தங்க வேண்டும், எறும்பு மொய்க்கக் கூடாது, தீக்குச்சியில் தோய்த்தால் எரிய வேண்டும் என்றெல்லாம் சோதனைகள் சொல்வர். இவை நம்பத்தக்கவை அல்ல. கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அடியில் தங்கும். கெலுலுட் தேனோ இயல்பிலேயே நீர்த்தது, புளிப்பானது. ஆகவே அசல் கெலுலுட் தேன் இச்சோதனையில் தோற்க, பாகு வென்றுவிடும்! உறைந்து மணல்போல் ஆவதும் கலப்படத்தின் அடையாளமன்று. பல தூய தேன்கள் அவ்வாறு உறையும். கரும்பு, சோளப் பாகுகளைக் கரிம அணு ஆய்வால் ஆய்வகம் கண்டுபிடிக்கும். நம் சமையலறையால் இயலாது.

நம்மால் இயன்றது ஒன்று உண்டு. தேன் எடுக்கும் இடத்திற்கே சென்று வாங்கலாம். குளுவாங், பத்து பகாட், மூவார், பொந்தியான் வட்டாரங்களில் சிறு பண்ணைகள் உள்ளன. அங்குச் சென்றால் இவற்றைக் கேளுங்கள்: இத்தேனீ எந்த இனம்? சுற்றிலும் எந்த மரம் பூக்கிறது? எந்த மாதத்தில் எடுத்த தேன்? தேனீக்களுக்குச் சர்க்கரைப் பாகு ஊட்டுவது உண்டா? கெலுலுட் குடும்பங்களைக் காட்டு மரத்தை வெட்டிக் கொண்டுவந்தீர்களா, இருக்கும் கூட்டைப் பிரித்துப் பெருக்கினீர்களா? நேர்மையான வளர்ப்பாளர் இக்கேள்விகளை விரும்புவார். சென்ற மாதத் தேனுக்கும் இந்த மாதத் தேனுக்கும் நிறம் வேறுபட்டால் அஞ்ச வேண்டாம், பூ மாறியிருக்கும். எல்லா மாதமும் ஒரே நிறம், ஒரே சுவை என்றால்தான் காரணம் கேட்க வேண்டும்.

விலை சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். கொசுத்தேனீயின் ஒரு கூடு தருவது மிகச் சிறிதளவே. மலிவான பாகுத் தேனோடு போட்டியிட முடியாமல் ஒரு சிறு வளர்ப்பாளர் கூட்டை மூடினால், அவர் வருமானத்தோடு அக்கம்பக்கத்து மாவும் ரம்புத்தானும் பெற்ற மகரந்தச் சேர்க்கையும் குறைகிறது. நாம் கொடுக்கும் ரிங்கிட்டில் அதற்கான கூலியும் அடங்கியுள்ளது.

கெலுலுட் தேனைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நொதித்துப் புட்டிக்குள் காற்றழுத்தம் கூடும் என்பதால் மூடியை அவ்வப்போது தளர்த்துங்கள்.

பெற்றோர் மறக்கக் கூடாத ஒன்று

பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம் குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் உள்ளது. அன்பினால் செய்வதுதான். ஆயினும், ஓராண்டு நிறையாத குழந்தைக்கு ஒரு துளித் தேனும் தரலாகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்து, முதிராத குடலில் வளர்ந்து நஞ்சைச் சுரந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும். 1976இல் அமெரிக்காவில் இந்நோய் அடையாளம் காணப்பட்டது. தேன் எவ்வளவு தூயதாயினும் இவ்விதி பொருந்தும். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு

பள்ளித் தோட்டத்தின் வேலியில் கொடிரோஜாவைப் படரவிடுங்கள். கொசுத்தேனீ அதை நாடி வரும். கொட்டாது என்பதால் மாணவர்கள் அருகில் நின்று பார்க்கலாம். பூச்சிமருந்து தெளிக்கும் நாளைப் பூ மலராத நேரத்திற்கு மாற்றச் சொல்லுங்கள். வாய்ப்பிருந்தால், அருகிலுள்ள பண்ணைக்கு மாணவர்களை அழைத்துச் சென்று, தாத்தா பாட்டி வேலை செய்த தோட்டத்தில் பால்மர இலை தேன் சுரந்த செய்தியையும் அங்கேயே சொல்லுங்கள். அம்மாணவர்களுள் ஒருவராவது வீட்டிற்குச் சென்று, "பாட்டி, நீங்கள் தோட்டத்தில் தேன்கூடு பார்த்ததுண்டா?" என்று கேட்பார். அப்பாட்டி சொல்லும் விடையை எழுதி வாங்கி வகுப்பில் படிக்கச் செய்யுங்கள். தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறை நம்மோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய பணி இது.