பழைய கார்களும் பேரீச்சம்பழமும்

ஓட்டத்துக்கு உதவாத வண்டியைப் 'பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான்' என்று கேலி பேசுவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். பழைய இரும்பை எடைபோட்டு வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் கொடுத்த தெரு வணிகர் அருகிவிட்டார். காயலான் கடை மட்டும் நிலைத்து நிற்கிறது. காயல்பட்டினத்து வணிகர்கள் தொடங்கிய தொழில் என்பதால் அப்பெயர் வந்தது என்பர். அந்தக் கடைக்கும், 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிவைத்த வாகன அழிப்புக் கொள்கைக்கும் இடையே இன்று ஓசையில்லாத போட்டி ஒன்று நடந்து வருகிறது.

ஒரு காரின் ஆயுளை அதன் வயது மட்டும் முடிவு செய்வதில்லை. பழுது பார்க்கும் கூலி, உதிரி பாகங்களின் விலை, பழைய இரும்பின் விலை ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. உரிமங்களின் ஆட்சி நடந்த காலத்தில் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு என்று விரல்விட்டு எண்ணத்தக்க கார்களே இங்கு இருந்தன. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அத்தகைய சந்தையில் கார் இறப்பதேயில்லை. என்ஜினை மாற்றி, தகரத்தை ஒட்டி, வண்ணம் பூசி முப்பது ஆண்டுகள் ஓட்டினார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது; 1991-க்குப் பின் சந்தை திறந்தது. பழைய கார் என்ற ஒன்று பெருமளவில் உருவானதே அதன் பிறகுதான்.

முறைசாராத் தொழில்கள் குறித்த களப்பணிக்காக 1990-களில் என் மாணவர்களைச் சென்னை புதுப்பேட்டைக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். ஒரு கடை முழுவதும் கதவுகள், அடுத்ததில் கியர் பாக்ஸ்கள், அதற்கடுத்ததில் ரேடியேட்டர்கள். ஆடம் ஸ்மித் குண்டூசித் தொழிற்சாலையில் கண்ட வேலைப் பிரிவினையை நாங்கள் தலைகீழாகக் கண்டோம். அங்கே பலர் சேர்ந்து ஒரு பொருளை உருவாக்கினர். இங்கே பலர் சேர்ந்து அதைப் பிரித்தனர். ஸ்பேனர், சுத்தியல், கேஸ் கட்டிங் தவிர வேறு கருவிகள் இல்லை. ஆனால் மீண்டும் பயன்படக்கூடிய எதையும் அவர்கள் உருக்க விடுவதில்லை. கழிவு எண்ணெய் தரையில் ஊறிக் கிடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். கூவம் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

கூலி உயர்ந்த நாட்டில் கதை வேறுவிதமாகச் சென்றது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் கார்களைத் திறந்தவெளியில் கொளுத்தி, இருக்கைத் துணியும் ரப்பரும் எரிந்தபின் மிஞ்சும் இரும்பை எஃகு ஆலைக்கு அனுப்பினர். அன்றைய திறந்த அடுப்பு உலைகளில் ஏறத்தாழப் பாதிவரை பழைய இரும்பைச் சேர்க்க முடிந்தது. பின்னர் வந்த ஆக்சிஜன் உலைகளுக்குக் கால் பங்கு அளவே போதும். பழைய இரும்பின் விலை சரிந்தது. இழுத்துச் செல்லும் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் 1960-களில் நியூயார்க் போன்ற நகரங்களின் தெருக்களிலேயே கார்களைக் கைவிட்டுச் சென்றனர். முழுக் காரையும் கைப்பிடித் துண்டுகளாக நொறுக்கிக் காந்தத்தால் இரும்பைப் பிரிக்கும் இயந்திரமும், பழைய இரும்பையே முதன்மையாக உண்ணும் மின்வில் உலையும் பரவிய பிறகே அந்தத் தெருக்கள் விடுபட்டன. சட்டத்தைவிடத் தொழில்நுட்பமும் விலையும் இங்கு அதிகம் சாதித்தன என்பது என் கருத்து.

ஆனால் நொறுக்கும் இயந்திரத்துக்கு நல்ல கதவும் தெரியாது, கெட்ட கதவும் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2000-இலும் ஜப்பான் 2002-இலும் சட்டம் இயற்றி, கழித்த வாகனங்களின் பொறுப்பில் தயாரிப்பாளர்களுக்கும் பங்கு உண்டு என்றன. ஜப்பானில் அதற்கான கட்டணத்தைக் கார் வாங்கும்போதே செலுத்திவிட வேண்டும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது.

இந்தியக் கொள்கைக்கு வருவோம். பதிவுபெற்ற மையத்தில் காரை ஒப்படைத்தால் புதிய வண்டியின் விற்பனையக விலையில் 4 முதல் 6% வரை கிடைக்கும் என்றும், சொந்தப் பயன்பாட்டு வாகனத்துக்குச் சாலை வரியில் 25% வரை சலுகை தரலாம் என்றும் அது கூறியது. 15 ஆண்டுகளைக் கடந்த காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆனது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் தயாரிப்பாளர்களுக்கும் இலக்கு வைத்துள்ளன: 20 ஆண்டுகளுக்கு முன் சந்தைக்கு வந்த சொந்தப் பயன்பாட்டு வாகனங்களின் எஃகில் இப்போது 8%, 2035-36 முதல் 18% மறுசுழற்சிக்கு வந்தாக வேண்டும்.

இருந்தும் வண்டிகள் காயலான் கடைக்கே அதிகம் செல்கின்றன. காரணம் எளிது. பதிவுபெற்ற மையம் பெரும்பாலும் உலோகத்தின் எடைக்கு விலை சொல்கிறது. புதுப்பேட்டைக்காரர் பாகங்களின் மதிப்புக்கு விலை சொல்கிறார். ரூ.5,000 கூடுதலாகக் கிடைத்தால் சான்றிதழைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

அதேநேரம் இன்றைய கார் பழைய அம்பாசிடர் அல்ல. குளிர்சாதன வாயு, வெடித்து விரியும் காற்றுப்பை, ஈய பேட்டரி, மின்னணுப் பலகைகள், பிளாட்டினம் கலந்த வினையூக்கி மாற்றி என ஆபத்தும் மதிப்பும் அதில் ஒன்றாகவே பொதிந்துள்ளன. மின்சாரக் கார்களின் லித்தியம் பேட்டரியைச் சுத்தியலால் பிரிக்க முயல்வது தீயுடன் விளையாடுவதாகும்.

அதற்காகப் பல்லாண்டுத் திறன் கொண்ட தொழிலாளர்களை வெளியேற்றிவிட்டுப் பெருநிறுவன மையங்களை மட்டும் வளர்ப்பது சரியான பொருளாதாரம் அன்று. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கும் வாணியம்பாடி தோல் தொழிலுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்த அனுபவம் நமக்கு இருக்கிறது. அதைப் போலவே ஒரு பொதுக்கூடத்தில் எண்ணெய், வாயு, பேட்டரி ஆகியவற்றை முறையாக அகற்றி, சேசிஸ் எண்ணைப் பதிந்து சான்றிதழ் கொடுத்தபின், பாகங்களைப் பிரிக்கும் வேலையைச் சிறு கடைகளிடமே விடலாம். திருட்டு வாகனங்கள் கலப்பதையும் அந்தப் பதிவு தடுக்கும். 2021 இறுதியில் மீரட் நகரின் சோத்திகஞ்ச் சந்தையை முடக்கும் அளவுக்குப் போனது அந்தச் சிக்கல்தான்.

அதுவரை வாகன உரிமையாளர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி, பயன்பாட்டுக்கு அறவே உதவாமற்போன வாகனம் குறித்து 14 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவை ரத்து செய்யாமல் காயலான் கடையில் விட்டுவந்த காரின் பதிவு எண் வேறொரு வண்டியில் ஏறினால், காவல் துறையின் விசாரணை முதலில் வருவது ஆவணத்தில் பெயருள்ளவரின் வீட்டுக்குத்தான்.