ஒரு படமும் இரண்டு அவைகளும்

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் நம் நினைவிற்கு வருவது இயல்பு. ஆனால் ஒரு நூலுக்கும், ஒரு நாடகத்திற்கும், ஒரு திரைப்படத்திற்கும்கூட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் ஒரு பாதி, அதனை ஆக்கியவரைப் பற்றியது. மறுபாதி, அதனைக் கண்டவரைப் பற்றியது. முற்பாதியைப் பலர் எழுதுவர். பிற்பாதியைக் கருதுவோர் சிலரே. சிறு பொருட்செலவில் ஆக்கப்பெற்ற ஓர் அமெரிக்கப் படத்தைக் கண்டவர்கள் முதலில் என்ன கூறினர், பின்னர் என்ன கூறினர் என்பதே இன்று நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் செய்தி. அப்படத்தின் பெயர் 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்'. 'ஆவிகளின் களியாட்டம்' என்று நாம் அதனைத் தமிழாக்கிக் கொள்ளலாம். அது வெளிவந்த ஆண்டு 1962.

இப்படத்தின் கதை ஒரு கட்டடத்திலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டி என்னும் நகருக்கு அண்மையில், கடல்போல் பரந்த ஓர் உப்பேரி இருக்கிறது. அதன் கரையில் 1893-ஆம் ஆண்டில் 'சால்ட்டேர்' என்னும் பெரியதோர் உல்லாச மண்டபம் எழுப்பப்பட்டது. நீரில் நாட்டிய தூண்களின்மீது, கோபுரங்களும் குவிமாடமும் கொண்டு நின்ற அம்மண்டபத்தில் மக்கள் நடனமாடினர், ஏரியில் நீராடினர். 1925-இல் அது தீக்கிரையாயிற்று. மீண்டும் ஒன்றைக் கட்டினர். ஆயின் ஏரிநீர் வற்றி மண்டபத்தை விட்டு விலகிச் சென்றது. கூட்டம் குறைந்தது, 1958-இல் கதவுகள் அடைக்கப்பட்டன. உப்புப் படிந்த வெண்ணிலத்தின் நடுவே ஆளற்ற கோபுரங்கள் மட்டும் நின்றன.

அவ்வழியே ஒருநாள் மாலை காரில் சென்றவர் ஹெர்க் ஹார்வி. கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் ஊரில் 'சென்ட்ரான்' என்ற நிறுவனம் ஒன்று இருந்தது. பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேண்டிய கல்விப் படங்களை ஆக்குவது அதன் தொழில். ஹார்வி அங்கே இயக்குநர். மாணவர் ஒழுக்கம், தொழிலாளர் பாதுகாப்பு முதலிய பொருள்களைப் பற்றிய குறும்படங்களை எடுத்து வந்தவர் அவர். மாலை வெயிலில் அம்மண்டபத்தைக் கண்டதும், இறந்தோர் எழுந்து வந்து நடனமாடுவதற்கு இதைவிட ஏற்ற இடம் வேறில்லை என்று அவருக்குத் தோன்றிற்று. ஊர் திரும்பியதும் உடன் பணிபுரிந்த ஜான் கிளிஃபர்டிடம், அந்த நடனத்தில் முடியுமாறு ஒரு கதை எழுதித் தருமாறு கேட்டுக்கொண்டார்.

பணத்திற்கு என்ன செய்வது? உள்ளூரிலேயே அறிந்தவர்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டினர். மொத்தச் செலவு ஏறத்தாழ 33,000 டாலர். இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் வெளிவந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' என்னும் படம் குறைந்த செலவில் எடுத்தது என்று பேசப்பட்டது. அதற்கே எட்டு இலட்சம் டாலர் செலவாயிற்று. அதில் இருபதில் ஒரு பங்கும் ஹார்வியிடம் இல்லை. நிறுவனத்தில் மூன்று வார விடுப்புப் பெற்று, அதற்குள் படப்பிடிப்பை முடித்தார். படக்குழுவினரை ஒரு கைவிரல்களால் எண்ணிவிடலாம். நியூயார்க்கில் நடிப்புப் பயின்ற காண்டஸ் ஹில்லிகாஸ் என்னும் பெண் கதைத்தலைவியாக நடித்தார். வெளிறிய முகத்துடன் அவளைத் தொடரும் பேயுருவாக ஹார்வியே வேடம் புனைந்தார். இவ்வளவு சுருங்கிய நிலையிலும் அவருடைய நோக்கம் சிறியதாக இல்லை. சுவீடன் நாட்டுப் பெர்க்மனின் படங்களில் காணும் தோற்றமும், பிரெஞ்சு நாட்டுக் கோக்தோவின் படங்களில் உள்ள உணர்வும் தம் படத்தில் அமையவேண்டும் என்பதே அவர் விருப்பம்.

கதை எளியது. மேரி ஹென்றி என்னும் இளம்பெண் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். தோழியருடன் அவள் சென்ற கார் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. மற்றவர்கள் மூழ்கிப்போக, அவள் மட்டும் நெடுநேரம் கழித்துச் சேறு படிந்த உடையுடன் கரையேறுகிறாள். பின்னர் யூட்டாவிற்கு வேலைக்குச் செல்கிறாள். வழியெல்லாம் அந்த வெளிறிய முகம் தோன்றி மறைகிறது. ஒருநாள் ஒரு கடையில் இருக்கும்பொழுது, திடீரென்று உலகின் ஓசையெல்லாம் அவிந்துபோகிறது. அவள் பேசினால் எவருக்கும் கேட்பதில்லை. எதிரே நின்றாலும் எவரும் காண்பதில்லை. பாழ்மண்டபமோ அவளை விடாது அழைக்கிறது. இறுதியில் ஆற்றிலிருந்து காரை வெளியே இழுக்கின்றனர். அதனுள்ளே தோழியருடன் அவளும் உயிரற்றுக் கிடக்கிறாள். அவள் தப்பவே இல்லை. படம் முழுதும் நாம் கண்டது, தான் இறந்ததை அறியாத ஒருத்தியின் தனிமையே.

இனி, இதனை முதலில் கண்ட அவையைப் பற்றிப் பார்ப்போம். அக்காலத்து அமெரிக்காவில் திகில் படம் என்றால் மக்கள் எதிர்பார்த்தது என்ன? வில்லியம் காசில் என்பவர் 1959-இல் ஒரு படத்தின்பொழுது அரங்கில் எலும்புக்கூடு ஒன்றைப் பார்ப்போர் தலைக்குமேல் பறக்கவிட்டார். அதே ஆண்டில் வெளிவந்த மற்றொரு படத்திற்கு, இருக்கைகளின் அடியில் கருவி பொருத்தி அவற்றை அதிரச் செய்தார். அலறலும் சிரிப்பும் கலந்த விளையாட்டாகவே திகில் படம் கருதப்பட்டது. அத்தகைய படங்களுக்குரிய இடம், காரில் அமர்ந்தபடியே காணும் திறந்தவெளி அரங்கு. ஒரே நுழைவுச்சீட்டுக்கு இரண்டு படங்கள். தின்பண்டம், பேச்சு, குழந்தைகளின் ஓட்டம் ஆகியவற்றுக்கிடையே படமும் ஓடும்.

ஹார்வியின் படமும் அவ்விடத்திற்கே சென்றது. வாங்கிய விநியோகஸ்தர்கள் அதில் சில நிமிடங்களை வெட்டி, வேறொரு மலிவான திகில் படத்துடன் இணைத்து அனுப்பினர். அரக்கனைக் காண வந்தவர்களுக்கு அரக்கன் கிடைக்கவில்லை. குருதி இல்லை, அலறல் மிகுதியில்லை. ஒரு பெண் தனியே நடக்கிறாள். ஆர்கன் இசை ஒலிக்கிறது. வெறுங்கூடத்தில் காற்று வீசுகிறது. ஓசை அவிந்துபோகும் அந்தக் காட்சி, காரோடு கார் நெருங்கி நின்ற மைதானத்தில் எப்படி விளங்கும்? அங்கே அமைதி ஏது? படம் எவருடைய கருத்தையும் பெரிதாகக் கவராமல் மறைந்தது. விநியோக நிறுவனம் நொடித்துப் போயிற்று. ஆக்கியவர்கள் கைக்கு அவர்கள் உழைப்பின் பயன் வந்து சேரவில்லை. ஹார்வி மறுபடியும் கல்விப் படங்களுக்கே திரும்பினார். நூற்றுக்கணக்கான குறும்படங்களை இயக்கிய அவர், தம் வாழ்நாளில் மற்றொரு முழுநீளக் கதைப்படம் எடுக்கவே இல்லை.

இங்கே ஒரு விந்தையான செய்தியைக் கூறவேண்டும். அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி, வெளியிடப்படும் பிரதியில் பதிப்புரிமைக் குறிப்பு இருத்தல் வேண்டும். இல்லையேல் அப்படைப்பு பொதுச் சொத்தாகிவிடும். இப்படத்தின் பிரதிகளில் அக்குறிப்பு இடம்பெறவில்லை. ஆக்கியவர்களுக்கு இது பெரும் இழப்பு. ஆனால் படத்திற்கோ இதுவே உயிர் கொடுத்தது. தடுப்பார் இல்லாமையால் பிரதிகள் பல கைகளுக்குச் சென்றன. பல ஊர்களின் தொலைக்காட்சி நிலையங்கள் நள்ளிரவு நேரத்தை நிரப்புவதற்கு அதனைக் காட்டின.

இரண்டாவது அவை இவ்வாறு உருவாயிற்று. ஊர் உறங்கிய பின், விளக்கணைத்த அறையில், ஒருவர் தனியே விழித்திருந்து காண்கிறார். அப்பொழுது மேரி ஹென்றியின் தனிமை அவருக்குப் புறத்தே இருக்கும் பொருளாகத் தோன்றவில்லை. மைதானத்தில் சலிப்பூட்டிய மெளனம் இங்கே அச்சமாக மாறிற்று. படத்தின் பெயரைக்கூட அறியாமல், இளமையில் கண்ட அந்த வெளிறிய முகத்தைப் பல்லாண்டுகள் மறவாதவர்கள் பலர். 1968-இல் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்னும் புகழ்பெற்ற படத்தை எடுத்த ஜார்ஜ் ரொமேரோ, தம்மைத் தூண்டிய படங்களுள் இதுவும் ஒன்று என்று கூறியிருக்கிறார். அவரும் சிறு நகரம் ஒன்றின் நண்பர்களோடு அல்ல எனினும், பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்து வந்த நண்பர்களோடு, குறைந்த பொருளைக் கொண்டே தம் படத்தை முடித்தவர்.

இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. 1989-இல் இப்படம் கலைப் படங்களைக் காட்டும் அரங்குகளில் மீண்டும் வெளியிடப்பட்டது. ராஜர் ஈபர்ட் போன்ற பெயர்பெற்ற விமர்சகர்கள் அதனைப் பாராட்டினர். லாரன்ஸ் நகரில் ஹார்வியும் நடிகர்களும் மீண்டும் கூடினர். 1996-இல் ஹார்வி காலமானார். 2000-ஆம் ஆண்டில், உலகின் சிறந்த படங்களைத் தேர்ந்து வெளியிடும் 'கிரைட்டீரியன்' நிறுவனம் இதனையும் தன் வரிசையில் சேர்த்துக்கொண்டது. சால்ட்டேர் மண்டபமோ 1970-இலேயே தீயில் அழிந்துவிட்டது. இன்று அதன் பழைய உருவைக் காண விரும்புவோர், ஒருகாலத்தில் எவரும் மதியாத இப்படத்தை நாடலாம்.

மாற்றம் எதில் நிகழ்ந்தது என்று சிந்தித்துப் பாருங்கள். மேரியின் நடையிலோ, ஆர்கன் இசையிலோ ஒரு மாற்றமும் இல்லை. கண்ட இடம் மாறிற்று; கண்ட நேரம் மாறிற்று; கண்டவரின் எதிர்பார்ப்பு மாறிற்று. திருவள்ளுவர் 'அவையறிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். சொல்லும் பொருளைச் சொல்லுதற்குரிய அவையை ஆராய்ந்து சொல்லவேண்டும் என்பது அதன் கருத்து. ஹார்வியின் படத்தை விற்றவர்கள் அவையறியாதவர்கள். அவையும் தன் முன் வந்த பொருளை அறிய முயலவில்லை.

இதனால், முதலில் தோற்ற படைப்புகள் எல்லாம் உயர்ந்தவை என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. மறக்கப்பட்டவற்றுள் மறக்கத் தக்கவையே மிகுதி. இப்படத்திலும் குறைகள் உண்டு. சில இடங்களில் உதட்டசைவும் குரலும் ஒத்துப்போகவில்லை; சில நடிகர்களிடம் பயிற்சிக் குறைவு தெரிகிறது. பின்னால் வந்தோர் சிலர், அக்குறைகளே கனவுத் தன்மையை மிகுவிக்கின்றன என்று போற்றினர். முன்னோர் குறையை மட்டும் கண்டனர். பின்னோர் குறையையும் குணமாக்கினர். நடுவுநிலை என்பது இரண்டுக்கும் இடையே இருக்கிறது. குறையைக் குறை என்றே சொல்லி, அதற்கு அப்பாலும் அதில் ஏதேனும் உண்டா என்று பொறுமையோடு நோக்குவதே அது.

இதை நான் ஏட்டறிவால் மட்டும் சொல்லவில்லை. ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். மாணவர் எல்லாரும் தேரையும் வாணவேடிக்கையையும் வருணித்தனர். ஒருவன் மட்டும், திருவிழா முடிந்த மறுநாள் காலையைப் பற்றி எழுதியிருந்தான். வெறிச்சோடிய வீதி, காய்ந்த தோரணம், நிலைக்கு வந்து நின்ற தேர், பந்தற்கால் பிடுங்கிய குழிகள். 'தலைப்பிற்குப் பொருந்தவில்லை' என்று சிவப்பு மையால் எழுதி, நூற்றுக்கு முப்பது மதிப்பெண் கொடுத்தேன். அடுத்த முறை அவனும் மற்றவர்களைப் போலவே எழுதினான். நல்ல மதிப்பெண்ணும் பெற்றான். பல ஆண்டுகளுக்குப் பின், ஆளற்ற அந்த நடனமண்டபத்தைத் திரையில் கண்டபொழுது, அவனுடைய கட்டுரை என் நினைவிற்கு வந்தது. அன்று நான் தேரோட்டத்தை எதிர்பார்த்துக் காரில் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவனாக இருந்திருக்கிறேன்.

ஹார்விக்காவது முதுமையில் பாராட்டுக் கிடைத்தது. ஆயினும் முப்பத்தெட்டு வயதிற்கு மேல் அவர் எடுத்திருக்கக் கூடிய படங்களை எந்தப் பாராட்டும் நமக்கு மீட்டுத் தரப்போவதில்லை. காலந்தாழ்ந்த தீர்ப்பு படைப்பைக் காப்பாற்றலாம். படைப்பாளியின் கழிந்த ஆண்டுகளைக் காப்பாற்றாது.

ஆகையால் மாணவ நண்பர்களே, எதிர்பார்த்த ஒன்று கிடைக்காதபொழுது உடனே எழுந்து போய்விடாதீர்கள். சற்று இருங்கள். கிடைத்திருப்பது யாது என்று ஒருமுறை பாருங்கள். அதன் பின்னரும் நன்றாக இல்லை என்று தோன்றினால், அவ்வாறே துணிந்து சொல்லுங்கள். அந்தச் சிறு பொறுமையை அன்று நான் காட்டவில்லை. நீங்கள் காட்டுவீர்கள் என்று நம்புகிறேன்.