கேதுரு மலையில் குறையும் பனி

திருவிவிலியத்தை வாசிப்போர் எவரும் லெபனோனின் கேதுரு மரத்தை அறிவர். சாலமோன் எருசலேமில் ஆலயம் எழுப்பியபோது, தீர் மன்னர் ஈராம் அம்மரங்களைத் தெப்பங்களாகக் கட்டிக் கடல்வழியே அனுப்பினார்; கோதுமையும் எண்ணெயும் ஈடாகச் சென்றன. மாதத்திற்கு 10,000 பேர் என முறைவைத்து, 30,000 பேர் லெபனோனுக்கு அனுப்பப்பட்டதாக அரசர்கள் முதல் நூல் கணக்குத் தருகிறது. அதை வாசிக்கையில், ஆலயத்தின் பொலிவைவிட மலையில் எஞ்சிய அடிக்கட்டைகளே என் மனக்கண்முன் நிற்கின்றன. பாபிலோன் மன்னனின் வீழ்ச்சியில் கேதுருக்களும் மகிழ்வதாக எசாயா கூறியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

எகிப்தியர் அதற்கும் முந்தியவர். கூஃபு மன்னனின் பிரமிடருகே 1954-இல் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழமையான படகு லெபனோன் கேதுருவால் ஆனது. பிற்காலத்தில் உரோமைப் பேரரசர் ஆதிரியான் (117-138) நான்கு மரவகைகளைத் தமக்கே உரியவை என ஒதுக்கி, அம்மலைப் பாறைகளில் பொறிக்கச் செய்தார். அத்தகைய கல்வெட்டுகள் ஏறத்தாழ 200 கிடைத்துள்ளன. காட்டின்மீது அவருக்கு அன்பு இருந்ததோ என்னவோ, மரத்தேவை இருந்தது உறுதி. 1876-இல் பிஷரி ஊருக்கு மேலுள்ள தோப்பைச் சுற்றி, விக்டோரியா அரசியின் பொருளுதவியால் கல் மதில் எழுந்தது; இளங்கன்றுகளை ஆடுகள் மேய்ந்துவிடாதிருக்கவே அந்த ஏற்பாடு. மாரோனித் திருச்சபையினர் போற்றிக் காத்துவரும் அத்தோப்பு, துறவியர் வாழ்ந்த கதீஷா பள்ளத்தாக்குடன் சேர்த்து 1998-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

கோடரியைச் சட்டம் தடுத்தது. ஆட்டை மதில் தடுத்தது. இன்றைய இடரோ வானிலையில் இருக்கிறது. கேதுருவின் விதை குளிர்காலத்தில் விழுந்து, பனியின்கீழ்க் குளிர்ந்து ஊறி, பனி உருகும் நீரில் முளைப்பது. புவி வெப்பமடைவதால் பனிப்பொழிவு குறைகிறது. பனியும் விரைவில் உருகிவிடுகிறது. முன்னதாகவே முளைக்கும் நாற்றுகள் பின்வரும் உறைபனியில் கருகுகின்றன. தன்னூரின் காட்டில் 1990-களின் இறுதியில், ஊசியிலைகளைத் தின்னும் ஒருவகைப் பூச்சியின் புழுக்கள் பெருகின. மண்ணுக்குள் உறங்கும் அப்பூச்சிக்கு, பனி நீங்கி உலர்ந்த மண் வசதியாயிற்று.

வெப்பம் ஏறினால் எங்கும் மரம் வாடும் என்பதில்லை. குளிரே வளர்ச்சிக்குத் தடையாயுள்ள வடகோடிக் காடுகளில், வெப்பமான கோடை வந்தால் மரத்தின் ஆண்டு வளையம் அகன்றுவந்தது. ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலாஸ்காவின் வெள்ளை ஸ்புரூஸ் மரங்கள் பலவற்றில் அந்தத் தொடர்பு தளர்ந்தது. வெப்பம் ஏறியும் வளையம் அகலவில்லை; நீர்ப்பற்றாக்குறை அதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

கேதுரு குளிர்தேடி மேலே ஏறலாம். ஆயினும் பாரூக் போன்ற காடுகளுக்கு மேலே ஏற மலை அதிகம் மிச்சமில்லை. சூஃப் மலையில் 1996-இல் அமைந்த காப்பகத்தினர் உயர்ந்த சரிவுகளிலும் கன்றுகள் நட்டுவருகின்றனர். அவற்றில் முதல் விதைக்கூம்பு தோன்ற ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும்.