4,29,49,67,297

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. ஒரு பகு எண். 2³² + 1 என்பதற்குச் சமம். 2^(2ⁿ) + 1 வடிவிலான ஃபெர்மா எண்களில் n = 5க்கு உரியது (F₅).

வரலாறு: 3, 5, 17, 257, 65,537 ஆகிய முதல் ஐந்து ஃபெர்மா எண்களும் (F₀ முதல் F₄ வரை) பகா எண்கள். இவ்வரிசை முழுவதுமே பகா எண்கள்தான் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் டி ஃபெர்மா 1640இல் கருதினார். 1732இல் லியோனார்டு ஆய்லர் அதைத் தவறென்று காட்டினார்:

4,29,49,67,297 = 641 × 67,00,417

இவ்விரு காரணிகளும் பகா எண்கள். இரண்டையும் 64ஆல் வகுத்தால் மீதி 1.

641 வகுப்பது எப்படி: 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 5 × 2⁷ஐ 641ஆல் வகுத்தால் மீதியை −1 எனக் கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்த, 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. மேலும் 641 = 5⁴ + 2⁴ என்பதால், 5⁴க்குப் பதில் −2⁴ என இடலாம். அப்போது −2³² தரும் மீதி 1 ஆகிறது. எனவே 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. நீண்ட வகுத்தலே வேண்டாத இந்த அழகிய நிறுவலைப் பள்ளி மாணவரும் தாளில் செய்து பார்க்கலாம்.

சிறப்பு: முதல் சில எண்களுக்குப் பொருந்துவது எல்லா எண்களுக்கும் பொருந்திவிடாது என்பதற்கு இது சிறந்த சான்று. F₄க்கு அப்பால் பகா ஃபெர்மா எண் எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை.